பழுதுகளின் பட்டியல்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் முதலிய குறுந்தொலைவு ஊர்களுக்கான விமான சேவை, இறக்கைகளின் முன்னே பெரிய விசிறிகள் சுழலும் ஏ.டி.ஆர். 72 வகை விமானங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. பிரான்சின் துலூஸ் நகரில் உருவாகும் இவ்விமானம் 1988-இல் முதன்முதலாகப் பறந்தது. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பயணிகளைச் சுமந்துகொண்டு, ஜெட் விமானத்தைவிடக் குறைந்த எரிபொருளில், குறுகிய ஓடுபாதையில் இறங்கி ஏற வல்லது என்பதாலேயே, நெடுங்காலம் 1,350 மீட்டர் ஓடுபாதையோடு இருந்த தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு வான்வழித் தொடர்பு வாய்த்தது. விசிறியைக் கண்டதும் இது பழைய காலத்து வண்டி என்று எண்ணும் பயணிகள் உண்டு. ஆனால் அவ்விசிறியைச் சுற்றவைப்பது ஜெட் எஞ்சினின் நெருங்கிய உறவான வாயு டர்பைன்தான், இவ்விரண்டும் சேர்ந்த அமைப்புக்கே டர்போப்ராப் என்று பெயர். விமானி அறையில் அமர்பவருக்கு ஜெட் விமானத்தைக் காட்டிலும் கூடுதலாக வேலை வைக்கும் இயந்திரம் இது. இதைக் கற்பதற்குரிய முதன்மையான இடம் சிமுலேட்டர், அதாவது தரையை விட்டு எழாமலே பறத்தலின் அனுபவத்தைத் தரும் பாவனைக் கருவி. அதன் எளிய வடிவம் இன்று வீட்டு மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கே.கே. நகர் எனச் சுருக்கமாக அறியப்படும் கலைஞர் கருணாநிதி நகர், வீட்டுவசதி வாரியம் அமைத்த மனைகளும் அடுக்ககங்களுமாக வளர்ந்த குடியிருப்புப் பகுதி. அதற்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே ஈக்காட்டுத்தாங்கலும் அடையாற்றின் ஒரு வளைவும் நந்தம்பாக்கமும் கிடக்கின்றன. அப்பகுதியின் அடுக்ககம் ஒன்றில், வலுவான வரைகலை அட்டை பொருத்திய கணினியும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் வைத்திருப்பவர், ஏ.டி.ஆர். 72-600-இன் விமானி அறையைத் திரையில் விரித்து, அதிலுள்ள பொத்தான்களில் பெரும்பாலானவற்றை இயக்கிப் பார்க்க இன்று முடியும். மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கென இவ்விமானம் 2023-இல் வெளிவந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கனடாவில் உருவான கியூ400 என்னும் மற்றொரு டர்போப்ராப்பை மெஜஸ்டிக் நிறுவனம் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு கணினிக்குள் கொண்டுவந்திருந்தது. அந்த கியூ400-உம் தமிழ்நாட்டுக்கு அறிமுகமானதே: 2011 முதல் ஸ்பைஸ்ஜெட் நிறுவனம் அதைச் சிறு நகரங்களுக்கான தடங்களில் ஓட்டியது. ஆக, ஒருவர் தம் ஊர்ப் பயணத்தில் சாளர இருக்கையிலிருந்து பார்த்த அதே விசிறியை, வீடு திரும்பியபின் தம் கையால் ஓட்டிப் பார்க்கும் நிலை உருவாகியிருக்கிறது. அவர் அங்கே கற்பது என்ன, கற்க முடியாமல் போவது என்ன என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று.

இயந்திரத்தின் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஜெட் விமானத்தில் விமானி ஓர் எஞ்சினுக்கு ஒரு லிவரைத் தள்ளுகிறார். எரிபொருள் கூடுகிறது, உந்துவிசை கூடுகிறது, இடைப்பட்ட கணக்கை எஞ்சினே பார்த்துக்கொள்கிறது. டர்போப்ராப்பில் எஞ்சின் எவ்வளவு ஆற்றலைத் தருகிறது என்பது ஒரு கேள்வி, அந்த ஆற்றலை விசிறி காற்றுக்குள் எப்படிச் செலுத்துகிறது என்பது இன்னொரு கேள்வி. ஏ.டி.ஆர். 72-600-ஐ இயக்கும் பிராட் அண்டு விட்னி கனடா நிறுவனத்தின் எஞ்சினில், காற்றை அழுத்தி எரிபொருளோடு எரிக்கும் பகுதி தனித் தண்டுகளிலும், எரிந்த வாயுவால் சுழன்று விசிறியை ஓட்டும் டர்பைன் வேறொரு தண்டிலும் அமைந்திருக்கின்றன. இவ்விரு பகுதிகளையும் பிணைக்கும் உலோகத் தொடர்பு எதுவும் இல்லை, வாயுவின் ஓட்டம் மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 20,000 முறை சுழலும் அந்த டர்பைனின் வேகத்தைப் பல்சக்கரப் பெட்டி 1,200 சுற்றுகளாகக் குறைத்து, கிட்டத்தட்ட நான்கு மீட்டர் விட்டமும் ஆறு இதழ்களும் உடைய விசிறிக்கு அளிக்கிறது. இதழ்கள் நிலையாகப் பொருத்தப்பட்டவை அல்ல. எஞ்சின் தரும் ஆற்றல் கூடினால் அவை காற்றைக் கூடுதலாக வாரும்படி கோணம் மாறும், குறைந்தால் சாய்வு தணியும், இதனால் விசிறியின் சுழற்சி வேகம் மட்டும் குறித்த அளவிலேயே நிற்கும். மேலேறும்போதும் நிலைப்பறப்பிலும் அவ்வேகம் 82 விழுக்காட்டுக்குக் குறைக்கப்படுகிறது. புறப்பட்ட சில நிமிடங்களில் விசிறியின் ஓசை சட்டென்று தாழ்வதைக் கவனித்த பயணி கேட்டது இம்மாற்றத்தைத்தான்.

இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு வகை லிவர்கள் உள்ளன. பவர் லிவர் எஞ்சினிடம் ஆற்றலைக் கேட்பது, ஏ.டி.ஆரில் அதைப் புறப்பாட்டின்போது ஒரு பள்ளத்தில் பொருத்திவிட்டால், இறங்கத் தொடங்கும்வரை பெரும்பாலும் அங்கேயே விட்டுவைத்து, புறப்பாடு, ஏற்றம், நிலைப்பறப்பு என்னும் கட்டங்களை ஒரு திருகியின் வழியாகவே தேர்ந்துகொள்ளலாம். கண்டிஷன் லிவர் என்பது எஞ்சினும் விசிறியும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது: எரிபொருளை அடைக்கும் நிலை, ஃபெதர் என்னும் நிலை, தானியங்கி நிலை, முழுச் சுழற்சி நிலை என அதற்கு நான்கு இருப்பிடங்கள். ஃபெதர் என்பது விசிறியின் இதழ்களைக் கத்தியின் விளிம்புபோல் எதிர்காற்றுக்கு நேராகத் திருப்பிவிடுவது. செத்த எஞ்சினின் விசிறி அவ்வாறு திரும்பாவிட்டால், எதிர்காற்று அதைச் சுழற்ற, நான்கு மீட்டர் அகலத் தட்டொன்றை இறக்கையில் குறுக்கே பிடித்ததுபோல விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும்; ஆகவே ஃபெதர் உயிர்காக்கும் நிலை. ஆனால் நன்றாக ஓடும் எஞ்சினின் விசிறியை அந்நிலைக்குத் திருப்பிவிட்டால், எஞ்சின் எவ்வளவு உழைத்தாலும் விசிறி காற்றைத் தள்ளாது. ஒரே நிலை ஒரு வேளையில் மருந்தாகவும் மறு வேளையில் நஞ்சாகவும் ஆவது டர்போப்ராப்பைக் கற்பதன் முதல் கடினம்.

மேசைச் சிமுலேட்டரில் பயில்பவர் வழக்கமாகத் தொடங்குவது, எல்லா விளக்கும் அணைந்து கிடக்கும் விமானத்தை உயிர்ப்பிப்பதிலிருந்து. மின்கலம், எரிபொருள் பம்பு, தீ எச்சரிக்கைச் சோதனை, வலப்புற எஞ்சினைக் கிளப்புதல் என்று நீளும் அவ்வரிசையில் ஒரு விந்தை உண்டு. பெரிய ஜெட் விமானங்களின் வாலில் தரையில் மின்சாரமும் குளிர்காற்றும் தருவதற்கென்றே ஒரு சிறு எஞ்சின் இருக்கும். எடையும் செலவும் குறைய வேண்டும் என்பதற்காக ஏ.டி.ஆரில் அது தவிர்க்கப்பட்டு, வலப்புற எஞ்சினின் விசிறியை மட்டும் ஹைட்ராலிக் பிரேக்கால் பூட்டி, எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. விசிறியும் எஞ்சினின் பிற பகுதியும் உலோகத்தால் பிணைக்கப்படாதவை என்று முன்னர்ச் சொன்ன அமைப்பினால்தான் இது இயலுகிறது. ஹோட்டல் மோடு என்று விமானிகள் அழைக்கும் இந்நிலையை, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்ற மனப்பாடமாக மட்டும் கற்றவர், காற்று பின்னிருந்து வீசும்போது அதற்கு ஏன் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது என்ற கேள்வியைக் கேட்கவே மாட்டார். கே.கே. நகரிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் தேர்வுக்காக எட்டுப் போடப் பழகியவர், காலை ஊன்றாமல் அந்த எட்டை முடித்து உரிமத்தைப் பெற்றுவிட்டாலும், அந்த எட்டு எதற்காகக் கேட்கப்பட்டது என்பதை அசோக் பில்லர் சந்திப்பின் நெரிசலில்தான் அறிகிறார். விமானத்தை உயிர்ப்பிக்கும் வரிசையும் அத்தகைய எட்டுதான். மேசைச் சிமுலேட்டரில் பலருடைய கல்வி இதோடு நின்றுவிடுவது வருந்தத்தக்கது, ஏனெனில் சிமுலேட்டரின் உண்மையான பாடம் எல்லாம் சரியாக நடக்கும் வரிசையில் இல்லை.

அக்கருவி தோன்றிய கதையே இதற்குச் சான்று. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்ப்டன் நகரில் தானியங்கிப் பியானோக்களும் ஆர்கன்களும் செய்யும் தொழிற்கூடத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், இசைக்கருவிகளுக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் பம்புகளையும் கொண்டு, கைப்பிடியின் அசைவுக்கேற்பச் சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு சிறு விமானப் பெட்டியை உருவாக்கினார். 1931-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. முதலில் அதை விரும்பி வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானப் படை அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்று, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத விமானிகள் அடுத்தடுத்து உயிரிழந்தபின்தான், படையினர் ஆறு பெட்டிகளை விலைக்கு வாங்கினர். இரண்டாம் உலகப் போருக்குள் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பயின்றுவிட்டார்கள். பொழுதுபோக்குப் பொருளாக இருந்த ஒன்றைப் பள்ளிக்கூடமாக மாற்றியவை அம்மரணங்கள்.

இன்றைய முழு வடிவச் சிமுலேட்டர், அசல் விமானி அறையின் நகலை ஆறு நீள் கால்களின் மேல் தாங்கி நிறுத்தியது. அக்கால்கள் நீண்டும் குறுகியும் அறையை எல்லாத் திசைகளிலும் அசைக்கின்றன. ஓடுபாதையில் விமானம் முன்னோக்கி விரைவதை உணர்த்த, அறை உண்மையில் எங்கும் விரைவதில்லை. மூக்கு மெல்ல மேலே சாய்க்கப்படுகிறது, திரையோ சமதளத்தைக் காட்டுகிறது, முதுகு இருக்கையில் அழுந்துவதை உடல் வேகமெடுத்தலாக எடுத்துக்கொள்கிறது. ஈர்ப்புவிசையையும் முடுக்கத்தையும் தனித்தனியே பிரித்தறிய மனித உட்செவியால் முடியாது என்னும் குறைபாட்டின்மீதே இந்த நம்பவைத்தல் நிற்கிறது. அதே குறைபாடுதான் இரவிலும் மேகத்திலும் விமானிகளைத் திசைமயக்கத்துக்கு ஆளாக்கிக் கொல்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், கருவியைச் செய்தவர்களின் மதிநுட்பத்தின்மீது மரியாதை கூடவே செய்யும்.

சிமுலேட்டரின் இதயம் என்று சொல்லத்தக்கது விமானி இருக்கைகளுக்குப் பின்னால் பயிற்றுநர் அமரும் இடம். அவர் முன்னுள்ள திரையில் பழுதுகளின் பட்டியல் ஒன்று இருக்கும்: எஞ்சின் தீ, எண்ணெய் அழுத்தக் குறைவு, ஹைட்ராலிக் இழப்பு, மின்னாக்கி செயலிழப்பு, இறக்கையில் பனி, வேகமானியின் பொய்க்கணக்கு எனத் தொடரும் அப்பட்டியலிலிருந்து ஏதேனும் ஒன்றை, பயில்பவர் எதிர்பாராத கணத்தில் அவர் தொட்டு விடுவார். பொறியாளர்கள் வரைபடத்தின் துணைகொண்டு முன்கூட்டியே ஊகித்த பழுதுகள் அவற்றில் உண்டு. ஆனால் ஒவ்வொரு பழுதின்போதும் விமானம் எப்படி நடந்துகொள்ளும், விமானிகளின் கை எங்கே தவறும், எந்த ஒழுங்கில் எதைச் செய்தால் தப்பலாம் என்ற அறிவின் பெரும்பகுதி, அப்பழுதை வானில் சந்தித்தவர்களிடமிருந்து வந்தது. அவர்களுள் சிலர் தரையிறங்கிச் சொன்னார்கள். மற்றவர்களுக்காக விமானத்தின் வாலில் இருந்த பதிவுப் பெட்டிகள் சொல்லின. டர்போப்ராப்பைச் சிமுலேட்டரில் கற்பது, ஆகவே, முன்னே சென்றவர்களின் கடைசி நிமிடங்களை வாங்கிக்கொள்வதாகும்.

இவ்வகை விமானத்தில் முதன்மையான பாடம் புறப்பாட்டின்போது ஓர் எஞ்சின் நிற்பது. ஏ.டி.ஆரில் இதற்கென ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு: ஓர் எஞ்சினின் முறுக்குவிசை திடீரென்று சரிந்தால், மற்ற எஞ்சின் 90 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காட்டு ஆற்றலுக்குத் தானே உயர, ஏறத்தாழ இரண்டு விநாடிகளில் செத்த எஞ்சினின் விசிறி தானே ஃபெதர் நிலைக்குத் திரும்பிவிடும். விமானியின் வேலை அதன்பிறகு வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. மூக்கு ஒருபக்கம் திரும்பும்போது எதிர்ப்பக்கக் காலால் சுக்கான் மிதியை அழுத்தி நேராகப் பிடிக்க வேண்டும், வேகத்தைக் காக்க வேண்டும், குறித்த உயரம் எட்டும்வரை லிவர்களைத் தொடக் கூடாது. எந்த எஞ்சின் செத்தது என்பதைக் காலே சொல்லிவிடும் என்று பயிற்றுநர்கள் கற்பிப்பார்கள்: மூக்கு வலப்புறம் திரும்பியதால் இடது கால் மிதியை அழுத்திக்கொண்டிருக்கிறது, வலது கால் சும்மா இருக்கிறது, ஆகவே செத்தது வலது எஞ்சின். அதன்பின்னும் அவசரம் கூடாது. ஒருவர் லிவரின்மேல் கைவைத்து அதன் பெயரைச் சொல்லி, மற்றவர் பார்த்து ஆமோதித்த பிறகே அதை நகர்த்த வேண்டும்.

2015 பிப்ரவரி 4 அன்று தைவானின் தைபெய் நகரிலிருந்து புறப்பட்ட டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72-600, இந்தப் பாடம் முழுவதையும் தலைகீழாக நடத்திக்காட்டியது. மேற்சொன்ன தானியங்கி ஏற்பாடு தயார்நிலையில் இருப்பதைக் காட்டும் விளக்கு ஓடுபாதையிலேயே எரியவில்லை. புறப்பாட்டைக் கைவிட்டிருக்க வேண்டிய அக்கணத்தைக் கடந்து விமானம் எழும்பியது. சற்று நேரத்தில் மின்னணுப் பகுதியொன்றின் கோளாறால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த வலது எஞ்சினின் விசிறி தானே ஃபெதர் நிலைக்குப் போயிற்று. இடது எஞ்சின் கடமைப்படி ஆற்றலைக் கூட்டியது. தலைமை விமானி பின்னுக்கு இழுத்ததும், பின்னர் நிறுத்தியதும் அந்த இடது எஞ்சினைத்தான். தம் பிழையை அவர் உணர்ந்தபோது உயரம் மிஞ்சவில்லை. மேம்பாலத்தில் இறக்கை உரசி, கீலுங் ஆற்றில் விமானம் வீழ, 58 பேரில் 43 பேர் மாண்டனர். சிமுலேட்டரில் இதே பழுதைக் கையாள்வதில் அவருக்கு இருந்த தடுமாற்றம் முன்பே பயிற்சிக் குறிப்புகளில் பதிவாகியிருந்தது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. கருவி தன் வேலையைச் செய்திருந்தது. அது சொன்னதை மனிதர்கள் தக்கவாறு கேட்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜனவரி 15 அன்று, நேபாளத்தின் பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72-500 தரையிறங்க நெருங்கிக்கொண்டிருந்தது. விமான நிலையம் திறக்கப்பட்டு இரண்டு வாரமே ஆகியிருந்தது. ஃபிளாப் என்பது தாழ்வேகத்தில் தூக்குவிசை கூட்டுவதற்காக இறக்கையின் பின்விளிம்பிலிருந்து கீழிறக்கப்படும் மடல். அதன் லிவர் கண்டிஷன் லிவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபிளாப்பை இறக்கும்படி ஒருவர் கேட்க, மற்றவரின் கை பக்கத்திலிருந்த இரண்டு கண்டிஷன் லிவர்களையும் ஃபெதர் நிலைக்கு இழுத்துவிட்டது. எஞ்சின்கள் இரண்டும் நலமாக ஓடிக்கொண்டிருக்க, விசிறிகள் இரண்டும் காற்றைத் தள்ளாமல் நின்றன. ஆற்றல் வரவில்லை என்று ஓட்டியவர் சொன்னார். பவர் லிவர்கள் முன்னே தள்ளப்பட்டன, பயனில்லை, ஏனெனில் கேள்வி அந்த லிவரிடம் இல்லை. விமானத்தில் இருந்த 72 பேரும் இறந்தனர். இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் எழுவது, அனுபவம் மிக்க ஒருவர் எப்படி இதைச் செய்தார் என்ற திகைப்பு. ஆனால் அனுபவம் மிக்க கை பாராமலே இடத்தை எட்டிப்பிடிக்கப் பழகிய கை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழக்கம் கையை விரைவாக்கும்போது, அக்கையைக் கண் பின்தொடர்வது நின்றுபோகிறது. தொட்டு, பார்த்து, பெயரைச் சொல்லி, பிறகு நகர்த்து என்று பயிற்றுநர்கள் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த இடைவெளியைக் காப்பதற்காகவே.

மேசைச் சிமுலேட்டரின் குறைபாடு துல்லியமாக இந்த இடத்தில் வெளிப்படுகிறது. விமானத்தின் நடுமேடையில் உள்ள லிவர்களுக்கு எடையும் தடையும் வடிவமும் உண்டு; பவர் லிவரைப் பறப்பில் அனுமதிக்கப்பட்ட கீழெல்லைக்கும் கீழே, தரையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பகுதிக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால், ஒரு விசையைத் தூக்கிப் பிடித்தாக வேண்டும். ஏனெனில் வானில் அப்பகுதிக்குப் போனால் இதழ்கள் தட்டையாகி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். 2002-இல் லக்சம்பர்க் அருகே ஒரு ஃபோக்கர் 50 வீழ்ந்து 20 பேர் இறந்ததற்கு இதுவே காரணம். மௌஸைச் சொடுக்கும் விரலுக்கு இந்தத் தடைகள் எதுவும் தெரியாது. எல்லா லிவரும் அதற்கு ஒரே எடை. ஆகவே வீட்டில் பயில்பவரின் கை கற்பது சொற்பமே. தவறாகக் கற்றுக்கொள்வதும் நேரலாம். ஆனால் அவருடைய அறிவு கற்பது கொஞ்சமல்ல. விசிறியின் வேகம், முறுக்குவிசை, டர்பைனின் வெப்பம் ஆகிய மூன்று முள்களும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதை, அசல் சிமுலேட்டரில் ஒவ்வொரு மணிக்கும் பெரும் கட்டணம் செலுத்துபவர் அவசரமின்றிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் இருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்கே செலவிடலாம். பொக்காராவில் என்ன நேர்ந்தது என்பதை எழுத்தில் படித்தபின், ஓடும் எஞ்சினின் கண்டிஷன் லிவரைத் திரையில் ஃபெதருக்கு இழுத்து, முள்கள் என்ன காட்டுகின்றன என்று அவர் பார்க்கலாம். பிறகு லிவரைத் திரும்ப முன்னே தள்ளி, ஆற்றல் மீள எவ்வளவு நேரமும் உயரமும் செலவாகின்றன என்பதையும் காணலாம்.

பட்டியலில் சேர முடியாத பழுதுகளும் உண்டு. கணினிக்குத் தரப்பட்ட தரவு எங்கே முடிகிறதோ அங்கே அதன் உண்மையும் முடிகிறது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே ஒரு கியூ400 வேகமிழந்து, இறக்கைகள் தூக்குவிசையைத் துறக்கும் ஸ்டால் நிலைக்குச் சென்றபோது, மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டிய விமானி கைப்பிடியைத் தம்மை நோக்கி இழுத்தார். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தனர். அக்காலச் சிமுலேட்டர்களில் பயிற்சி ஸ்டால் எச்சரிக்கையோடு நிறுத்தப்பட்டது, அதற்கு அப்பால் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பலவற்றின் கணினிகள் நம்பத்தக்க விதத்தில் அறிந்திருக்கவுமில்லை. 2013-இல் அமெரிக்க விதிகள் திருத்தப்பட்டு, முழு ஸ்டாலையும் அதிலிருந்து மீள்வதையும் பயிற்ற வேண்டும் என்றானபின், அதற்கேற்பச் சிமுலேட்டர்களே மாற்றியமைக்கப்பட்டன.

சென்னைக்கு இதைவிட அண்மையில் ஒரு நிகழ்வு உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என். 32 என்னும் இரட்டை டர்போப்ராப் விமானம், 29 பேரோடு வங்கக் கடலின்மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப்பின், 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அவ்வகை விமானத்தின் சிதைவுகள் தென்பட்டன. இடம் தெரிந்தது. அவர்கள் கடைசியாக எதைப் பார்த்தார்கள், எந்த லிவரைத் தொட்டார்கள், எது தவறியது என்பதைச் சொல்லும் பதிவு எதுவும் கரைசேரவில்லை. பயிற்றுநரின் பட்டியலில் அப்பழுதுக்கு ஒரு வரி இல்லை. இனி அவ்வழியே பறப்பவர்களுக்குக் கைமாற்றித் தருவதற்கு ஏதுமின்றி 29 பேர் போய்விட்டார்கள் என்பது, அக்குடும்பங்களின் துயரத்துக்கு அடுத்தபடியாக, இத்தொழிலுக்கே நேர்ந்த இழப்பு.

வீட்டு மேசையிலிருந்து பறக்கத் தமிழ் வாசகர் ஒரு தடத்தைத் தேர்ந்துகொள்வதாக இருந்தால், மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் செல்வதே மிகப் பொருத்தம். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ 80 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால் பயணம் கிட்டத்தட்ட நேர் தெற்கு. நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் அமைத்த பலாலித் தளம், நெடிய போர் ஆண்டுகளையும் அதன் பிந்தைய மூடலையும் கடந்து, 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் 11-ஆம் நாள் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 அங்கே இறங்கியது. பெருந்தொற்றால் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டது, 2024 செப்டம்பரில் இண்டிகோவின் ஏ.டி.ஆரும் சேர்ந்துகொண்டது. இரண்டு கரைத் தமிழரையும் ஒரு மணி நேரச் சொச்சத்தில் இணைக்கும் இந்தச் சேவை ஒரு டர்போப்ராப்பை நம்பி நிற்கிறது.

எளிய பயணம்போல் தோன்றும் இதில் கற்க நிறைய இருக்கிறது. வெப்பமண்டலத்தில் பனி ஏது என்று எண்ணுபவர், வடகிழக்குப் பருவமழை மேகத்தினூடே 17,000 அடிக்கு ஏறும்போது வெளிவெப்பம் உறைநிலையை நெருங்குவதைக் காண்பார். 1994-இல் அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே, உறைதூறலில் இறக்கையின் மேல் படிந்த பனியால் ஏ.டி.ஆர். 72 ஒன்று கவிழ்ந்து 68 பேர் இறந்தபின், இறக்கையின் முன்விளிம்பில் ஊதிப் பனியை உடைக்கும் ரப்பர் உறைகள் இன்னும் பின்வரை நீட்டப்பட்டன, பனியில் பறப்பதற்கான வேக வரம்புகளும் நடைமுறைகளும் கடுமையாக்கப்பட்டன. பலாலிக்குப் பறக்கும் ஏ.டி.ஆரின் விமானி தலைக்கு மேலுள்ள பனிநீக்கப் பொத்தான்களைக் குறித்த நேரத்தில் அழுத்துவது இதன் விளைவு.

விமானிகள் இப்பட்டியலிடம் ஒருமுறை பயின்று விடைபெறுவதில்லை. இந்தியாவில் பணியிலிருக்கும் வணிக விமானிகள் ஆண்டுக்கு இருமுறை திறன்தேர்வுக்கு உட்பட வேண்டும், முப்பது ஆண்டு ஓட்டியவருக்கும் அதில் விலக்கு கிடையாது. பின்னால் இருப்பவர் எதைத் தொடப்போகிறார் என்று அறியாமல் அவர் அந்த இருக்கையில் அமர்ந்தாக வேண்டும். மேசைச் சிமுலேட்டரிலோ பழுதுகள் வாங்கும்போதே அணைக்கப்பட்ட நிலையில் வருகின்றன, அவற்றை எழுப்புவதும் இடையில் நிறுத்துவதும் பயில்பவரின் விருப்பம். தாமே தேர்ந்துகொண்ட பழுது அதிர்ச்சி தராது. அதிர்ச்சி தராத பழுதில் கை நிதானிக்கக் கற்பதில்லை. இக்குறையை ஈடுசெய்யப் பணம் தேவையில்லை, இன்னொரு மனிதர் போதும். பக்கத்துத் தெருவிலிருந்து வரும் நண்பர் விமானம் அறியாதவராக இருந்தாலும், பட்டியலில் ஏதோ ஒன்றைத் தேர்ந்துவிட்டு வாய்திறவாமல் இருக்கவும், அடுத்தவர் ஒரு லிவரின் பெயரைச் சொன்னதும் அவர் கை உண்மையிலேயே அதன்மேல்தான் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் அவரால் முடியும். 25-ஆம் ஓடுபாதையில் விமானம் எழும்பி, சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொண்டிருக்கும் நேரமே அவர் அதைச் செய்வதற்கு ஏற்றது. எந்தப் பக்கத்து எஞ்சின் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.